அணங்கு என்று பெயர் வைக்கலாமா?

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்து பதினோரு நாட்கள் ஆகியிருந்தன. பதினாறாம் நாள் பெயர் சூட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாகிவிட்டன. சம்பந்தி வீட்டார் குலதெய்வத்தின் பெயர் வேண்டும் என்றார்கள். தங்கைக்கு, எந்த அலுவலகத்திலும் யாரும் பிழையாக எழுத முடியாத சின்னப் பெயராக இருந்தால் போதும். மாப்பிள்ளை மட்டும் ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அன்று மாலை காப்பி டம்ளரைக் கீழே வைத்தபடி ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்: “அணங்கு.”

ஊஞ்சலில் இருந்த பெரியம்மா காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவர். அவர் ஊஞ்சலை நிறுத்தினால் வகுப்பு தொடங்குகிறது என்று பொருள்.

“மாப்பிள்ளை, அது பெயர் இல்லை. நோய்.”

“அழகான பெண் என்றுதானே அத்தை அர்த்தம்? தமிழ்த்தாய் வாழ்த்திலேயே வருகிறதே.”

“வருகிறது. அகராதியில் வேறு என்னென்ன வருகிறது என்று உங்கள் மச்சானைக் கேளுங்கள். அவன் பிழைப்பே அதுதானே.”

என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. பிறர் எழுதியதில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துப் பார்த்துக் கண் போனவன். எனவே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் வீட்டில் இருக்கிறது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியின் முதல் தொகுதியை எடுத்துவந்து படித்தேன். நோய், வருத்தம், அச்சம், மையல், கொலை, தெய்வம், தெய்வமகள், பேய், வெறியாட்டு, அழகு. நான் இங்கே சொல்லும் வரிசை என்னுடையது. ஆனால் அத்தனையும் அந்த ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. ‘கொலை’ என்ற இடத்தில் மாப்பிள்ளையின் முகம் கொஞ்சம் மாறியது. தொட்டிலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயருக்காக இல்லை. அழகி என்பதற்கும் கொலை என்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மொழி எப்படி இத்தனை நூற்றாண்டுகள் குழப்பமில்லாமல் புழங்கியது என்ற கேள்விதான் காரணம்.

திருக்குறளில் காமத்துப்பால் தொடங்குவதே இந்தச் சொல்லில்தான். நூற்றொன்பதாம் அதிகாரத்தின் பெயர் தகையணங்குறுத்தல். அதன் முதல் குறள்:

அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை
மாதர்கொல் மாலும்என் நெஞ்சு.

தெய்வமா, மயிலா, பெண்ணா என்று மயங்குகிறது என் நெஞ்சு. பள்ளியில் இதை அழகை வியக்கும் குறள் என்று படித்தோம். மெய்ப்புத் திருத்துபவனின் கெட்ட பழக்கம், எழுவாய் எது பயனிலை எது என்று பார்ப்பது. அவளைப் பற்றிய எல்லாமே இங்கே ‘கொல்’, ‘கொல்லோ’ என்று ஐயத்தில் தொங்குகின்றன. வாக்கியத்தில் உறுதியாக நிற்கும் வினை ஒன்றுதான்: மாலும். மால்வது நெஞ்சு. அவள் கண்ணடிக்கவில்லை, இடை ஒடித்து நடக்கவில்லை. நின்றாளா நடந்தாளா என்பதுகூட நமக்குத் தெரியாது. என்ன நடந்ததோ, அது பார்த்தவனுக்குள்தான் நடந்தது.

இரண்டு குறள் தள்ளிப் போனால், எமன் என்று ஒருவன் உண்டு என்பதை இதுவரை அறியாதிருந்தேன், இப்போது அறிந்துகொண்டேன், அவன் பெரிய கண்களோடு பெண் வடிவில் இருக்கிறான் என்கிறான் அவன். “பண்டறியேன் கூற்றென் பதனை” என்ற அந்தத் தொடக்கத்தில் ஒரு பையனின் திகில் இருக்கிறது. அகராதிக்காரர்கள் ‘கொலை’ என்று எழுதியது வெறுமனே இல்லை.

இதே வள்ளுவர் பொருட்பாலில் வேறொரு முகம் காட்டுகிறார். விலைமகளிரைப் பற்றிய வரைவின் மகளிர் அதிகாரத்தில்,

ஆயும் அறிவினர் அல்லார்க்கு அணங்கென்ப
மாய மகளிர் முயக்கு.

‘மாய மகளிர்’ என்று பெண்ணின் மேல் ஒரு வசை விழத்தான் செய்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறளின் முதல் மூன்று சீர்களைப் பாருங்கள். ஆராயும் அறிவு இல்லாதவர்களுக்கு அந்தத் தழுவல் அணங்கு. ஆராய்ந்து பார்ப்பவனை அணங்கு தாக்காது என்பது அதற்குள் அடக்கம். திட்டும்போதுகூட மனிதர் கணக்கைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுகிறார்.

மறுநாள் பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் பாராட்டவில்லை. ஆசிரியர்கள் அவ்வளவு எளிதில் பாராட்ட மாட்டார்கள். “குறளில் நின்றுவிட்டாயா? இன்னும் பின்னால் போ” என்றார்.

போனேன். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் எதனால் பிறக்கும் என்று ஒரு நூற்பா இருக்கிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” அணங்கு, காட்டு விலங்கு, திருடன், அரசன். இந்த நான்கும்தான் ஐயத்துக்கு இடமில்லாத அச்சங்கள். (அரசனையும் திருடனையும் அடுத்தடுத்து நிறுத்திய துணிச்சலுக்கு நான் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) இந்த அணியில் அழகிக்கு இடமே இல்லை. இருட்டில் ஆற்றங்கரையில் நடக்கும்போது முதுகுத்தண்டில் ஏறும் ஒன்று உண்டே, அதுதான் அணங்கு. சங்கப் பாடல்களில் மலைக்கு அது உண்டு. முருகன் கோட்டத்துக்கு உண்டு. எங்கே எல்லை மீறி நெருங்கினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மனிதன் தயங்கி நின்றானோ, அங்கெல்லாம் அணங்கு உறைந்தது.

எனக்கு இந்த வாரம் முழுவதும் போதுமான விருந்தாக இருந்தது அகநானூற்றின் இருபத்திரண்டாம் பாட்டு. எழுதியவர் பெயர் வெறிபாடிய காமக்கண்ணியார். முருகன் பெயரால் சாமியாடும் வெறியாட்டைப் பாடியதாலேயே அந்த அடைமொழி. ஒரு பெண் மெலிந்துபோகிறாள். காரணம், இரவில் ஒளிந்து வந்து பார்த்துப் போகும் மலைநாட்டுக்காரன். தாய்க்கு அது தெரியாது. பெரியவர்களைக் கேட்கிறாள், முருகனை வழிபட்டால் சரியாகும் என்கிறார்கள். களம் அமைத்து, வேலுக்கு மாலை சூட்டி, ஆட்டை அறுத்து, முருகனின் பூசாரியான வேலன் வந்து ஆடுகிறான். அன்று இரவே அந்தக் காதலன் காவலைத் தாண்டி வந்துவிட, பெண்ணின் நோய் தீர்ந்துவிடுகிறது. சம்பந்தமே இல்லாத வேலனுக்காக ஓர் ஆடு வீணாகச் செத்ததை நினைத்து நான் சிரிக்காமல் இருப்பேனா என்கிறாள்.

இந்தப் பாட்டின் தொடக்கம் இது:

அணங்குடை நெடுவரை உச்சியின் இழிதரும்
கணங்கொள் அருவிக் கான்கெழு நாடன்
மணங்கமழ் வியன்மார்பு அணங்கிய செல்லல்...

அணங்கு உடையது மலை. அந்த மலைக்கு உரியவனின் மணம் கமழும் அகன்ற மார்பு, அணங்கிய துன்பம் இது. அணங்கியது யார்? ஆண். ஆணின் மார்பு. தாக்குண்டு மெலிந்தவள் பெண். இரண்டாயிரம் ஆண்டுகளாக அழகியின் சொத்து என்று நாம் பட்டா போட்டுக் கொடுத்த சொல் இங்கே ஓர் ஆணின் மார்பின் மேல் வினைச்சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. இதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

நற்றிணை முப்பத்து நான்காம் பாட்டில் தோழி இன்னும் ஒரு படி மேலே போகிறாள். நோய் கொடுத்தது தலைவனின் மார்பு, “நின் அணங்கு அன்மை அறிந்தும்” வேலன் கூப்பிட்டான் என்று கடம்பமாலையைச் சூடிக்கொண்டு வந்து நிற்கிறாயே என்று முருகனையே கேட்கிறாள். “கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.” நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனால் முட்டாள், வாழ்க. இப்படி ஒரு கடவுளைத் திட்டிவிட்டு வாழ்க என்றும் சொல்லும் தோழி எனக்கு ஒருத்தி இருந்தால் வாழ்க்கையில் பல தவறுகளைச் செய்திருக்க மாட்டேன்.

அணங்கு என்பது பெண்ணிடம், அதிலும் அவள் கற்பிலும் உடலிலும் உறையும் புனித ஆற்றல் என்று அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் எழுபதுகளில் எழுதினார். அந்தக் கருத்து உலகம் முழுக்கப் பரவியது. 1986-இல் வி.எஸ். ராஜம் அதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். சங்கப் பாடல்களில் அந்தச் சொல் புழங்கும் விரிவை விட்டுவிட்டு, பெண்ணின் புனித ஆற்றல் என்று அதன் பொருளைக் குறுக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. ஆனால் காமக்கண்ணியார் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சரி, இந்தப் பரந்த சொல் பெண்ணின் மேல் மட்டும் போய் எப்படி ஒட்டிக்கொண்டது? அதற்கு வாசல் திறந்துவிட்டது காதல் மரபுதான் என்று நினைக்கிறேன். தலைவன் முதன்முதலில் தலைவியைக் காண்கிறான். காட்சி. அடுத்தது ஐயம்: இவள் தெய்வமோ? உயர்ந்த ஒன்றைக் கண்டால் ஐயப்படுவது சிறப்பு என்கிறது தொல்காப்பியம். அடுத்தது துணிவு. ஐயத்தைத் தீர்க்க என்ன கருவி? களவியல் வரிசையாகச் சொல்கிறது: “வண்டே இழையே வள்ளி பூவே கண்ணே அலமரல் இமைப்பே அச்சம்.” அவள் சூடிய பூவில் வண்டு மொய்க்கிறதா, பூ வாடுகிறதா, நகை மனிதக் கைபட்ட நகையா, தோளில் எழுதிய கொடி மனிதர் எழுதியதா, கண் அலைபாய்கிறதா, இமைக்கிறதா, பயப்படுகிறாளா. இவை தெரிந்தால் பெண். தெரியாவிட்டால் அணங்கு, ஓடிவிடு.

துப்பறியும் கதை போல இருக்கிறது. எனக்குப் பிடித்தது இமைப்புதான். தெய்வங்கள் கண் கொட்டாது. ஆக, ஒருத்தி மனுஷிதான் என்பதற்கு அவள் கண்ணை ஒரு முறை மூடித் திறப்பதே சாட்சி. அணங்கோ என்ற பயத்தில் தொடங்கி, இல்லை, இவள் நம்மைப் போல இமைக்கிறவள்தான் என்ற நிம்மதியில் காதல் தொடங்குகிறது. அந்த முதல் நொடி பயம் நாளாக நாளாகத் தேய்ந்து, உபசாரமாக மட்டும் மிஞ்சியபோது ‘அணங்கு’ அழகியானாள் என்று தோன்றுகிறது.

இந்தச் சோதனையைத் தலைகீழாகச் செய்த ஒருத்தியும் தமிழில் உண்டு. நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் நளன் உருவிலேயே நான்கு தேவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நளன்கள். தமயந்தி என்ன செய்தாள்?

கண்ணிமைத்த லால்அடிகள் காசினியில் தோய்தலால்
வண்ண மலர்மாலை வாடுதலால்...

கண் இமைத்தது, கால் தரையில் பட்டது, மாலை வாடியது. இவன்தான் என் ஆள் என்று அறிந்துகொண்டாள். நான்கு அணங்குகளையும் தள்ளிவிட்டு, வாடுகிற மாலையைச் சூடியவனைத் தேர்ந்தெடுத்தவள் அவள். தலைவன் செய்த சோதனையைவிட இது கடினம். அவனுக்கு எதிரே நின்றவள் ஒருத்திதான். இவளுக்கு ஐந்து பேர்.

இதற்குப் பிறகு வந்த சொற்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. சிங்காரி, ஒய்யாரி, மாயக்காரி, மினுக்கி, மேனாமினுக்கி, மோகினி. இவற்றில் ஒன்றிலும் பார்ப்பவன் இல்லை. எல்லாமே அவள் செய்யும் வேலைகள். சிங்காரித்துக்கொள்கிறாள், மினுக்குகிறாள், மாயம் செய்கிறாள். ‘ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்’ என்று ஒரு பழமொழி. கொண்டைக்குள் தலைவிட்டுப் பார்த்தவன் யார் என்று மட்டும் பழமொழி சொல்வதில்லை.

ஆண்பாலில் இதே சொற்களுக்கு என்ன மரியாதை பாருங்கள். சிங்காரி என்றால் உதட்டைச் சுழிப்பார்கள். சிங்காரம் என்பது கௌரவமான ஆண் பெயர். சிக்கலில் முருகன் சிங்காரவேலன். 1923-இல் சென்னையில் மே தினத்தைக் கொண்டாடிய தொழிற்சங்கத் தலைவரும் சிங்காரவேலர்தான். மாயக்காரி வசை, மாயன் கடவுள், “மாயனை மன்னு வடமதுரை மைந்தனை” என்று ஆண்டாள் பாடுகிறாள். மோகன் என்று ஒரு தெருவுக்கு நான்கு பேர் இருப்பார்கள், ஒருவரைக் கண்டும் யாரும் விபூதி பூசிக்கொண்டு ஓடியதில்லை. மோகினி என்றால் புளியமரம் நினைவுக்கு வருகிறது.

கவர்ச்சி என்ற சொல்லையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். கவர்தல் என்றால் பறித்தல். சம்பந்தரின் முதல் பதிகத்தில் சிவபெருமான் “என் உள்ளங்கவர் கள்வன்”. அங்கே அது பக்தி. அதே வினையிலிருந்து பிறந்த கவர்ச்சியைப் பத்திரிகைகள் நடிகைகளுக்கு முன்னால் ஒரு பட்டம் போல ஒட்டவைத்தன. கவர்ச்சி நடிகை என்று அச்சுக்கோத்த கை எதுவும் கவர்ச்சி நடிகர் என்று கோத்ததாக நான் கண்டதில்லை, இத்தனைக்கும் நான் கண்ட மெய்ப்புகள் கொஞ்சமல்ல.

உலா இலக்கியங்களை எடுத்துக்கொண்டால் வேடிக்கை இன்னும் கூடும். அரசனோ இறைவனோ வீதியில் வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் – பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் – அவனைப் பார்த்து ஒவ்வொருத்தியாக நிலைகுலைவார்கள். வளை கழலும், உடல் மெலியும். தெருவே படுக்கையில் விழுந்துவிடும். இத்தனை சேதத்தை விளைவித்துவிட்டு அவன் பாட்டுக்கு யானை மேலோ தேர் மேலோ போய்க்கொண்டிருப்பான். அவனுக்கு ஒரு மயக்கி, ஒரு மினுக்கி என்று பெயர் வைக்க எந்தப் புலவருக்கும் தோன்றவில்லை. பாட்டுடைத் தலைவன் என்பார்கள்.

மோகினியின் கதையே ஒரு முரண்தான். பாற்கடல் அமுதத்தைப் பங்கிட வந்த மோகினி, திருமாலின் வேடம். அதாவது மூல மோகினி ஆண். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய நாள் நம்பெருமாள் நாச்சியார் திருக்கோலத்தில் வருவார்; அதைத்தான் மோகினி அலங்காரம் என்பார்கள். மறுபக்கம் தாருகாவனத்துக் கதையில் பிச்சை எடுக்க வந்த சிவனைப் பார்த்து முனிவர்களின் மனைவியர் வளையிழந்து நின்றார்கள். ஆக, நம் புராணங்களில் மயக்கும் வேலையைப் பெரும் அளவில் செய்தவர்கள் பெரிய கடவுளர் இருவர். பழியோ புளியமரத்துப் பெண்ணுக்கு.

என் சிறுவயதில் ஊருக்கு வெளியே ஒரு கிணறு இருந்தது. உச்சி வேளையில் அந்தப் பக்கம் போகக்கூடாது, மல்லிகைப்பூ வாசம் வந்தால் திரும்பிப் பார்க்கக்கூடாது, அங்கே மோகினி இருக்கிறாள் என்பார்கள். வளர்ந்த பிறகு ஒருநாள் பெரியம்மாவிடம் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அவளுக்குப் பதினெட்டு வயது. கல்யாணத்துக்கு நகை போதவில்லை என்று பேச்சு நின்றுபோனது” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவள் யாரையும் மயக்கியதாக அவருக்குத் தெரியாது.

மோகினி அழுகிற ஓர் இடம் மட்டும் நம்மிடம் இருக்கிறது. கூவாகம். பாரதப் போருக்கு முன் களப்பலியாக ஒப்புக்கொண்ட அரவான், சாவதற்கு முன் ஒரு திருமணம் வேண்டும் என்று கேட்டான். மறுநாள் சாகப்போகிறவனை மணக்க யாரும் முன்வராததால் கண்ணன் மோகினியாகி அவனை மணந்தான். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் கூத்தாண்டவர் கோயிலில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கையர் கூடி, அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தக் கதையில் மோகினி யாரையும் ஏமாற்றவில்லை. சாகப்போகிற ஒருவனுக்கு ஓர் இரவு துணையாக இருந்தாள், மறுநாள் விதவையானாள். மோகினி என்ற சொல்லை இழிவாகச் சொல்ல வாய் எழும்போதெல்லாம் எனக்குக் கூவாகம்தான் நினைவுக்கு வருகிறது.

கொல்லிமலைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். காரவள்ளியில் தொடங்கி மேலே போகும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதாவது வளைவில் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவன், செம்மேடு வரும்வரை உள்ளே இழுக்கவில்லை. அந்த மயக்கத்துக்கும் நான் தேடிப்போனவளுக்கும் தொடர்பில்லை. நான் தேடிப்போனது கொல்லிப்பாவையை. தெய்வம் அமைத்த பாவை அது. நெருங்குகிறவர்களைச் சிரித்து மயக்கிக் கொல்லும் என்று கதை. அங்கே உள்ள எட்டுக்கை அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்று வழிபடுகிறார்கள். கபிலர் குறுந்தொகையில் தலைவியைச் சொல்லும்போது, வல்வில் ஓரியின் கொல்லிமலைப் “பாவையின் மடவந் தனளே” என்கிறார். அந்தப் பாவையைப் போல அழகி, ஆனால் மணப்பதற்கு அரியவள் என்று ஏங்குகிறான் அவன். கொல்லும் பாவையை உவமை சொல்லிக் காதலியைப் புகழ்ந்தால் இன்று யாராவது சும்மா விடுவார்களா? அன்று அது உயர்ந்த பாராட்டாக இருந்திருக்கிறது. நெருங்க முடியாதவள் என்பதே அழகின் உச்சம்.

இந்தப் பயத்தைக் கடைசியாக முழுதாகப் புரிந்துகொண்டு எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்பது என் முடிவு. 1891-இல் வந்த அந்த நாடகத்தின் கடவுள் வாழ்த்தில்தான் “தமிழணங்கே” வருகிறது. பள்ளியில் ஆயிரம் முறை நின்று பாடியிருக்கிறேன், வெயிலைத் திட்டிக்கொண்டே. இந்த வாரம்தான் கடைசி அடி காதில் விழுந்தது: “உன் சீரிளமைத் திறம்வியந்து செயல்மறந்து வாழ்த்துதுமே.” செயல் மறந்து. அணங்கு தாக்கினால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று குறளும் அகமும் சொன்னதை ஒரு சொல்லில் வைத்துவிட்டார். மால்கிறது நெஞ்சு, கை கால் ஓடவில்லை, வாழ்த்த மட்டும்தான் முடிகிறது. அந்தப் பாட்டுக்கு மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்தது மோகன ராகத்தில் என்பதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அணங்கும் மோகமும் ஒரே மெட்டில் சேர்ந்து, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாகவும் ஆகிவிட்டன.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஏ.ஆர். ரகுமான் ‘தமிழணங்கு’ என்று ஓர் ஓவியத்தைப் பகிர்ந்தபோது நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். கறுத்த மேனி, விரிந்த கூந்தல், கையில் ‘ழ’ எழுத்து முனையான வேல். தாய் என்றால் சாந்தமாக உட்கார்ந்திருக்க வேண்டாமா என்று அன்று ஒரு நண்பர் என்னிடம் கோபித்துக்கொண்டார். அப்போது அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது தொல்காப்பியத்தின் அந்த நான்கு அச்சங்களைச் சொல்லி அனுப்பலாம். ஓவியர் அழகியை வரையவில்லை, அணங்கை வரைந்தார்.

பதினாறாம் நாள் வந்தது. என் குறிப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளைக்கு ஆதரவாகப் பேசினேன். மலைக்கும் முருகனுக்கும் ஓர் ஆணின் மார்புக்கும் இருந்த சொல், ஒரு பெண் குழந்தைக்கு இருக்கக்கூடாதா என்று கேட்டேன். பெரியம்மா முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு மேற்கோளில் நான் விட்ட சீரையும் திருத்தினார்.

“நல்லது. இமைப்பே அச்சம் என்று நீயே சொன்னாயே. சோதித்துப் பார்த்துவிடலாம்” என்று எழுந்து தொட்டிலருகே போனார். “இவள் இமைத்தால் நம் வீட்டுப் பெண். வேறு பெயர் பாருங்கள். இமைக்காவிட்டால் மாப்பிள்ளை சொன்ன பெயர்.”

பிறந்த குழந்தைகள் பெரியவர்களைவிட மிகக் குறைவாகவே இமைக்கும் என்பது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பெரியம்மா குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். அவள் விழித்துதான் இருந்தாள். கறுப்பு விழிகள் இரண்டும் பெரியம்மாவின் முகத்தில் நின்றன. சம்பந்தியம்மாள் குங்குமச் சிமிழோடு அப்படியே நின்றார். தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கியது கேட்டது.

பெரியம்மாதான் முதலில் இமைத்தார்.